கூப்பிட்டால் திரும்பி வரும் வேட்டை நாய்: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் வாலிநோக்கத்துக்குப் பக்கம். ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் பனங்காடு, அதைத் தாண்டினால் கடல். 18 வருடமாகக் கன்னி, சிப்பிப்பாறை என்ற நாட்டு வேட்டை நாய்களை வளர்த்து வருகிறேன். சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை பக்கத்தில் இந்த நாய் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: "அவிழ்த்து விட்டா திரும்பி வர மாட்டேங்குது, என்ன செய்ய?" அதற்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லி வரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

வேட்டையே கூடாது என்கிறார்கள். அப்புறம் வேட்டை நாயைப் பழக்கி என்ன பயன்?

வேட்டை கூடாது என்பது உண்மை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, நாயை விட்டு விரட்டுவது, அதற்கு முயற்சி செய்வதுகூட வேட்டைதான். பறவைகள், ஊர்வனவற்றின் முட்டையை எடுப்பதும் உடைப்பதும் அதில் சேரும். முயல், மயில், உடும்பு, புள்ளிமான் எதுவும் விலக்கில்லை. "நான் விடலை, அதுவா ஓடிடுச்சு" என்று சொல்லி வனத்துறையிடம் தப்பிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் சட்டம் வந்ததால் நாயின் கால் மாறிவிடவில்லை. எத்தனையோ தலைமுறையாக ஓடுவதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த உடம்பு அது. அதை ஆயுள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப் போடுவது பாவம். அவிழ்த்து விட வேண்டும் என்றால் கூப்பிட்டதும் வர வேண்டும். வராத நாய் ஒரு நாள் முயலைக் கொல்லும், அல்லது கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிக்கு அடியில் போகும். எனக்குத் தெரிந்தே நல்ல நாய்கள் நான்கு அந்தச் சாலையில் போய்விட்டன. முன்பு வேட்டைக்குப் போன காலத்தைவிட இப்போதுதான் இந்தப் பழக்கம் நாய்க்கு ரொம்ப அவசியம்.

எந்த வயதில் தொடங்கலாம்?

குட்டி வீட்டுக்கு வந்த அன்றே. பெரும்பாலும் எட்டு வாரத்தில் வரும். சோற்றுத் தட்டைக் கையில் எடுக்கும்போது கூப்பிடும் சொல்லைச் சொல்லுங்கள், குட்டி ஓடி வரும், தட்டை வையுங்கள். ஒரு மாதம் இது மட்டும் போதும். தடுப்பூசி முழுதாக முடிகிற வரை வெளித் தெருவில் இறக்க வேண்டாம், பார்வோ நோய் குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொண்டு போய்விடும்.

என்ன சொல்லிக் கூப்பிடுவது?

பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். "ராணி, சும்மா இரு", "ராணி, அங்க போகாத", "ஐயோ ராணி" என்று வீட்டில் ஆளுக்கொரு பக்கம் நாள் முழுக்க அந்தப் பெயரைச் சொல்கிறோம். நாய்க்கு அது வெறும் சத்தமாகிவிடும். "தோ தோ" என்றும் வேண்டாம். தெருவில் யார் வேண்டுமானாலும் அப்படிக் கூப்பிடுவார்கள்.

ஒரே ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் "இங்கிட்டு". அம்மா ஒன்று சொல்ல, தம்பி ஒன்று சொல்ல என்றால் சரிவராது. எல்லாரும் அதே சொல், அதே ராகம். ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். "இங்கிட்டு, இங்கிட்டு, ஏய் இங்கிட்டு" என்று ஆறு தடவை கத்தினால், ஆறாவது தடவைக்கு வந்தால் போதும் என்று நாய் கற்றுக்கொள்ளும்.

கடற்கரைக்கு விசிலும் வேண்டும். வைகாசி தொடங்கி ஆவணி வரை எங்கள் பக்கம் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். அந்தக் காற்றில் நாம் கத்துவது இருபது அடிக்கு மேல் போகாது, அதோடு அலைச் சத்தம் வேறு. நாய் காற்றுக்கு எதிர்ப்பக்கம், அதாவது மேற்கே ஓடிவிட்டால் நம் குரல் நமக்குப் பின்னாலேயே போய்விடும். அதனால் கச்சான் அடிக்கும் நாளில் நான் மேற்கே நிற்பேன், நாய் கிழக்கே ஓடும். குரலும் அதன் பக்கம் போகும், என் வாடையும் போகும். வாடைக்காற்றுக் காலத்தில் இதையே திருப்பி, வடக்கே நின்றுகொள்வேன். இது சின்ன விஷயம் போலத் தெரியும். "சொன்ன பேச்சு கேக்கலை" என்று நாயைக் குறை சொல்பவர்களில் பாதிப் பேருடைய குரல் நாயின் காதுக்கே போயிருக்காது.

விசில் கடையில் வாங்கியதாக இருந்தால் நல்லது. விரல் வைத்து அடிக்கும் விசில் ஆளுக்கு ஆள் மாறும், பதற்றத்தில் வாய் உலர்ந்தால் வரவும் வராது.

கூப்பிட்டால் வருகிறது. ஆனால் பத்தடி தள்ளி நின்றுகொண்டு கைக்கு வர மாட்டேன் என்கிறது. ஏன்?

நாய்க்கு நாம் ஏதோ கெடுதல் செய்திருக்கிறோம். எனக்கு இது நடந்ததால் விவரமாகச் சொல்கிறேன்.

கருப்பி என்று ஒரு கன்னி நாய் என்னிடம் இருந்தது. இரண்டு வயது. ஒரு நாள் காலையில் ஒரு முயலுக்குப் பின்னால் போய் உப்பளத்துப் பாத்திகளைத் தாண்டி மறைந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் கத்தினேன். பனங்காட்டில் முள் குத்தி என் காலில் ரத்தம். கடைசியில் அதுவாகத் திரும்பி வந்தது, நாக்குத் தொங்க, உடம்பெல்லாம் உப்புச் சேறு. நேராக என்னிடம் வந்து மூக்கை என் முழங்காலில் வைத்தது. நான் கழுத்துப்பட்டையைப் பிடித்து நாலு அடி அடித்தேன்.

முயலை விரட்டியதற்கு அடித்ததாக நான் நினைத்தேன். அதற்கு அப்படித் தெரியாது. முயல் போய் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அடி விழுந்த நேரத்தில் அது செய்த காரியம் ஒன்றுதான்: என்னிடம் திரும்பி வந்தது. மறுநாளிலிருந்து கருப்பி "இங்கிட்டு" என்றால் வரும், பத்தடி தூரத்தில் நிற்கும். முன்னங்காலை மடக்கி மணலில் படுத்துக்கொள்ளும். வாலின் நுனி மட்டும் லேசாக ஆடும். கண் என் முகத்தைப் பார்க்காது, என் வலது கையையே பார்க்கும். நான் ஓரடி வைத்தால் எழுந்து ஓரடி பின்னால் போகும். அந்த நாலு அடியைச் சரிசெய்ய எனக்கு ஐந்து மாதம் ஆனது.

இந்த நிலைமையில் இருக்கும் நாய்க்கு முதலில் அந்தப் பழைய சொல்லையே விட்டுவிடுங்கள். புதுச் சொல் ஒன்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து மறுபடி தொடங்குங்கள். கருப்பிக்கு நான் விசிலை மட்டும் வைத்தேன். நின்றுகொண்டு கூப்பிடாமல், பக்கவாட்டில் திரும்பிக் குந்தி உட்காருங்கள். கண்ணோடு கண் பார்க்க வேண்டாம். தின்பதைக் கையில் நீட்டாமல் காலடியில் போடுங்கள். கிட்டே வந்ததும் லபக்கென்று பிடிக்காதீர்கள். தின்னட்டும், போகட்டும். சில நாள் கழித்துத் தின்னும்போது கழுத்துப்பட்டையை லேசாகத் தொட்டுவிட்டு விட்டுவிடுங்கள். பிடித்துக் கட்டுவதெல்லாம் பிறகு.

அடிக்காதவர்கள்கூட இந்தத் தப்பைச் செய்வது உண்டு. கடற்கரையில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போகும்போது மட்டும் கூப்பிட்டுச் சங்கிலி போடுவார்கள். குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, உண்ணி எடுக்க என்றால் கூப்பிடுவார்கள். நாய்க்கு அந்தச் சொல் என்றாலே விளையாட்டு முடிந்தது என்று அர்த்தமாகிவிடும். பத்து தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை ஏதாவது கொடுத்து, "போ" என்று மறுபடி ஓட விடுங்கள். பத்தாவது தடவை கட்டிக் கூட்டிப்போனால் அது பெரிதாக எடுத்துக்கொள்ளாது. குளிப்பாட்ட வேண்டுமா, நீங்கள் எழுந்து போய்க் கூட்டி வாருங்கள்.

கயிறு கட்டித்தான் பழக்க வேண்டுமா?

ஆமாம், குறைந்தது நான்கைந்து மாதம். 10 முதல் 15 மீட்டர் நீளம். நம் பக்கம் படகு நைலான் கயிறு சும்மாவே கிடைக்கும் என்று அதைக் கட்டுகிறார்கள். அது வேண்டாம். நாய் வேகமெடுத்தால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். பருத்தி நாடாக் கயிறு வாங்குங்கள்.

கயிற்றைக் கழுத்தில் மாட்டக் கூடாது. கன்னி, சிப்பிப்பாறை இரண்டுக்கும் தலை ஒடுங்கி, கழுத்து தலையைவிடப் பருத்து இருக்கும். சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்தே உருவிக்கொண்டு போய்விடும். உருவாமல் இறுக்கினால் முழு வேகத்தில் கயிறு முடியும் இடத்தில் கழுத்து ஒடியப் பார்க்கும். மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் போட்டு அதன் முதுகு வளையத்தில் மாட்டுங்கள்.

கயிறு நாயை இழுத்துக் கொண்டுவருவதற்கு இல்லை. கூப்பிட்டும் வராமல் ஓடினால் நாலு திசையும் அதற்கு நல்ல விளையாட்டாகிவிடும். அந்த ருசியைக் காட்டாமல் இருக்கத்தான் கயிறு. முதலில் முற்றம், அப்புறம் ஆளில்லாத சந்து, அப்புறம் வேலி போட்ட தோப்பு, கடைசியில்தான் கடற்கரை. ஒவ்வோர் இடத்திலும் பத்துக்கு ஒன்பது தடவை முதல் கூப்பாட்டுக்கு வந்த பிறகு அடுத்த இடத்துக்குப் போங்கள்.

வந்தால் என்ன கொடுப்பது? பிஸ்கட் போதுமா?

வீட்டுக்குள் பிஸ்கட் போதும். வெளியில் மயில் அகவும்போது பிஸ்கட்டுக்கு எந்த நாயும் திரும்பாது. அவித்த கோழி ஈரல் சுண்டு விரல் நகம் அளவு, இல்லாவிட்டால் அவித்த முட்டைத் துண்டு. முள் எடுத்த மீனும் நல்லது. கருவாடு நாய்க்கு உயிர்தான், ஆனால் அந்த உப்பு அதற்கு ஆகாது. ஓடி வந்து தாகத்தில் இருக்கும்போது கருவாட்டைத் தின்றுவிட்டுக் கடல் தண்ணீரையும் குடித்தால் வாந்தி, பேதி நிச்சயம். நல்ல தண்ணீர் ஒரு பாட்டில் எப்போதும் கூடவே இருக்கட்டும்.

எல்லாம் சரி. முயலைப் பார்த்துவிட்டால் காதே கேட்காமல் போகிறதே?

இதுதான் உண்மையான கேள்வி.

நம் கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் வேட்டையாடும் நாய்கள். மோப்பம் பிடித்துக்கொண்டு போகும் நாய் இடையில் நின்று நிதானிக்கும், நாம் கூப்பிட அங்கே இடம் இருக்கும். இவை அப்படி இல்லை. அசைவு கண்ணில் பட்டால் போதும், மூன்று தாவலில் முழு வேகம். அந்த ஓட்டத்தில் அதற்கு உலகத்தில் அந்த முயல் மட்டும்தான் இருக்கும். அந்த நேரத்தில் கூப்பிடாதீர்கள். வராது. வராதபோது கூப்பிடக் கூப்பிட அந்தச் சொல்தான் தேய்ந்து போகும்.

கூப்பிட இரண்டு நேரங்கள் இருக்கின்றன. ஒன்று, ஓடுவதற்கு முன்னால். சும்மா மோந்துகொண்டு போன நாய் திடீரென்று தலையைத் தூக்கும். காது முன்னால் குவியும். வால் முதுகுக்கு நேராக வந்து அசையாமல் நிற்கும். சில நாய் ஒரு முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அப்போது உங்களுக்கு இரண்டு விநாடிதான். அதற்குள் விசில் அடித்துவிட்டு நீங்கள் எதிர்ப்பக்கம் ஓடுங்கள். நின்று பார்க்காமல் ஓட வேண்டும். ஓடுவதைப் பார்த்தால் துரத்தத் தோன்றும் நாய்க்கு நீங்களே முயலாகிவிடுவீர்கள். அதனால் கடற்கரையில் நடக்கும்போது போனை எடுக்காதீர்கள். கண் நாயின் காது மேலேயே இருக்கட்டும்.

இரண்டாவது, முயல் மறைந்த பிறகு. சீமைக்கருவேலம் புதரில் அது நுழைந்துவிட்டால் நாய் நிற்கும், இங்கும் அங்கும் பார்க்கும். மூச்சு வாங்கிக்கொண்டு "இனி என்ன" என்று நிற்கும் அந்த நேரத்தில் கூப்பிடுங்கள். வந்ததும் இருக்கிற ஈரல் முழுவதையும் கொடுங்கள். ஓடியதற்குக் கோபமே காட்டக் கூடாது.

இதைப் பழக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. ஆறடி மூங்கில் கம்பு, அதன் நுனியில் இரு கை விரித்த நீளத்துக்குக் கயிறு, கயிற்றின் முனையில் பழைய சாக்குத் துணி. மணலில் சுற்றிச் சுற்றி இழுத்தால் நாய் துரத்தும். துணியைச் சட்டென்று நிறுத்திவிட்டு "இங்கிட்டு" சொல்லுங்கள். வந்தால் அதற்குக் கூலி, மறுபடி அந்தத் துணியைத் துரத்த விடுவது. முதலில் துணி நின்ற பிறகு கூப்பிடுங்கள், சில வாரம் கழித்துத் துணி மெதுவாக நகரும்போது, அப்புறம் வேகமாக ஓடும்போது. துரத்துவதை விட்டு வந்தால் துரத்தவே கிடைக்கும் என்று நாய்க்குப் புரிவது கொஞ்சம் நாள் எடுக்கும். புரிந்த நாளில் அதன் முகத்திலேயே தெரியும், பாதி ஓட்டத்தில் தலையை வெட்டித் திரும்பும். நாய்க்குட்டிக்கு மூட்டு முற்றாத வயதில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இதைச் செய்ய வேண்டாம்.

இவ்வளவும் செய்தாலும் முயல் அதிகம் உள்ள இடத்தில், விடியும் நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும் கயிறு இல்லாமல் விடாதீர்கள். நூற்றுக்கு நூறு திரும்பும் வேட்டை நாயை நான் பார்த்ததில்லை.

என்னிடம் இருப்பது வெள்ளை ராஜபாளையம். எவ்வளவு கூப்பிட்டாலும் கண்டுகொள்வதே இல்லை.

முதலில் அதற்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். முழு வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அடிக்கடி வருவதுதான். அது தூங்கும்போது பின்னால் நின்று, காற்றோ தரை அதிர்வோ படாமல், ஒரு பாத்திரத்தைத் தட்டிப் பாருங்கள். காது அசையவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். செவிட்டு நாயையும் பழக்கலாம். பகலில் கை வீச்சு, இருட்டில் டார்ச் வெளிச்சம். ஆனால் திறந்த வெளியில் கயிறு எப்போதும் இருக்க வேண்டும்.

மண்டை நாய்க்கும் இதே முறையா?

சொல், கூலி, கயிறு எல்லாம் அதேதான். மண்டை நாய் உடம்பு கனத்தது, காவல் குணம் அதிகம். அது முயலுக்குப் பின்னால் போவதைவிட அந்நிய ஆளையோ ஆட்டையோ பார்த்து நிற்பதுதான் தலைவலி. ஆட்கள் நடமாடும் இடத்தில்தான் அதற்கு அதிகம் பழக்க வேண்டும்.

கடற்கரையில் விடும்போது வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

கரைவலை இழுத்த இடத்தைத் தான் முதலில் சொல்வேன். கழித்துப் போட்ட மீன்களில் பேத்தை கிடக்கும், வயிறு உப்பி, பல் துருத்தி. அதன் ஈரலிலும் முட்டையிலும் இருக்கும் விஷத்துக்கு மாற்று மருந்தே கிடையாது. நாய் வாயில் வைத்தால் சில மணி நேரத்தில் கால் துவண்டு மூச்சு நிற்கலாம். போன வருடம் என் இளைய நாய் ஒரு பேத்தையைக் கவ்வித் தூக்கிவிட்டது. முப்பதடி தூரம். நான் பின்னால் ஓடியிருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கும். விசில் அடித்தேன். ஒரு நொடி என்னைப் பார்த்தது, வாயைத் திறந்தது, மீன் மணலில் விழுந்தது, நாய் வந்துவிட்டது. கையிலிருந்த ஈரலைக் கொடுக்கும்போது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் அதன் வாயை நல்ல தண்ணீரால் கழுவி, சாயங்காலம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும். நாய் மணலைத் தோண்டத் தொடங்கினால் உடனே கூப்பிடுங்கள். அந்த மாதங்களில் தனுஷ்கோடி, அரிச்சல்முனை பக்கம் நாயை அவிழ்க்கவே வேண்டாம். தனுஷ்கோடியில் 2025-இல் பூநாரைகளுக்கென்று சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். வலசை வந்த பறவைக் கூட்டத்தை நாய் ஒரு தடவை எழுப்பினால் அவை தின்று சேர்த்த தெம்பெல்லாம் அந்தப் பறப்பில் போய்விடும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்ப் பக்கமும் அப்படித்தான், இரண்டும் பறவைகள் சரணாலயம். கோடையில் ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் பக்கத்தில் அதன் முட்டை தரையில் இருக்கிறது என்று அர்த்தம். நாயைக் கூப்பிட்டுக்கொண்டு வேறு பக்கம் நடங்கள்.

சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். புறங்கையை மணலில் வைத்து ஐந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. நன்றாக வந்துகொண்டிருந்த நாய் திடீரென்று வரத் தயங்கினால் திமிர் என்று நினைக்காமல் பாதத்தைத் தூக்கிப் பாருங்கள், கருவேல முள் இருக்கும்.

கரண்ட் பட்டை கட்டலாமா?

வேண்டாம். முயலைப் பார்க்கும்போது ஷாக் அடித்தால் நாய் அதை எதனோடு முடிச்சுப் போடும் என்று நம் கையில் இல்லை. பக்கத்தில் நின்ற சின்னப் பையனோடு முடிச்சுப் போட்டுவிட்டால் வாழ்நாள் பயம். கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் மனசு மெல்லிசான நாய்கள், முகம் சுளித்தாலே ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும்.

மூன்று வயது ஆகிவிட்டது. இனிமேல் வருமா?

வரும். குட்டிக்கு நான்கைந்து மாதம் என்றால் இதற்கு ஒரு வருடம். கயிறு நீளமாகவும் உங்கள் பொறுமை அதைவிட நீளமாகவும் இருக்க வேண்டும்.

மார்கழியில் மட்டும் ஆண் நாய் சொல் கேட்பதில்லை.

அக்கம்பக்கத்தில் பெட்டை நாய் பருவத்தில் இருக்கும். அந்த மூன்று வாரமும் எந்தக் கூலியும் எடுபடாது. கயிற்றிலேயே நடத்துங்கள். இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை என்றால் கருத்தடை செய்துவிடுங்கள்.

ஓடிப்போய் இருட்டியும் வரவில்லை என்றால் என்ன செய்வது?

ஊரெல்லாம் தேடி அலைவதற்கு முன்னால், எந்த இடத்தில் அவிழ்த்து விட்டீர்களோ அந்த இடத்தில் ஒருவர் நில்லுங்கள். துரத்தல் முடிந்த நாய் பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்குத்தான் திரும்பும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை விசில். இன்னொருவர் சாலைப் பக்கம் போகட்டும். உப்பளத்துக் காவலாளி, டீக்கடை, ஆடு மேய்ப்பவர்கள் எல்லாரிடமும் போன் நம்பர் கொடுத்துவிடுங்கள். கழுத்துப்பட்டையில் முன்பே நம்பர் எழுதியிருந்தால் பாதி வேலை மிச்சம். கிடைத்த பிறகு வாய், பாதம், தொடை இடுக்கு மூன்றையும் பாருங்கள். வேறு நாய் கடித்த காயம் இருந்தால் வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

கட்டாயம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தால், உடுத்திய துண்டையோ சட்டையையோ அதே இடத்தில் விரித்துவிட்டு, பக்கத்தில் ஒரு சட்டி நல்ல தண்ணீர் வையுங்கள். சாப்பாடு வைத்தால் தெரு நாய்கள் கூடிவிடும், அதனால் தண்ணீர் மட்டும். விடிவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். கருப்பி அதற்கப்புறம் ஒரு தடவை இரவு முழுக்க வரவில்லை. விடிகாலை நான்கரைக்கு டார்ச் அடித்தபோது துண்டின் மேல் சுருண்டு படுத்திருந்தது. நான் குந்தி உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பி, விசிலை மெதுவாக ஒரு தடவை அடித்தேன். எழுந்து வந்து மூக்கை முழங்காலில் வைத்தது.